டீச்சரம்மாவோட பேரு என்ன? அன்னா சத்தியநாதனும் சிந்தாதிரிப்பேட்டை வீடும்

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ஸ் எல்லாத்தையும் கேட்டேன், ரொம்ப தேங்க்ஸ். இன்னைக்கு ஒரு அம்மாவைப் பத்திப் பேசப் போறோம். 19-ஆம் நூற்றாண்டு மெட்ராஸ்ல வாழ்ந்தவங்க. பாதிரியாரோட பொண்ணு, பாதிரியாரோட மனைவி, ஒரு பேராசிரியரோட அம்மா. பழைய மிஷன் அறிக்கைகள்ல பெரும்பாலும் 'மிஸஸ் சத்தியநாதன்'னுதான் வருவாங்க. அவங்க சொந்தப் பேரு அன்னா.

அவங்ககிட்ட நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன்னு முதல்ல சொல்லிடறேன். அது எங்க வீட்டு சமையலறையில ஆரம்பிச்ச கதை.

மயிலாப்பூர், ஒரு சிலேட்டு

நான் பொறந்து வளர்ந்தது மயிலாப்பூர். எங்க பாட்டிக்கு இப்போ 88 வயசு. ஒரு நாள் சாயங்காலம் கீரை ஆய்ஞ்சுட்டே, அவங்க அம்மா, அதாவது என் கொள்ளுப்பாட்டி, எழுதின போஸ்ட் கார்டுகளைப் பத்திச் சொல்லிட்டு இருந்தாங்க. பாட்டி கல்யாணமாகிப் போன பிறகு வாரம் ஒரு கார்டு வருமாம். ரசப்பொடி அளவு, பக்கத்து வீட்டுச் சண்டை, கோயில் விசேஷம், எல்லாம் பொடி எழுத்துல.

நான் கேட்டேன், "உங்கம்மா எந்த ஸ்கூல்ல படிச்சாங்க பாட்டி?"

"ஸ்கூலா? அவளை யாருடி ஸ்கூலுக்கு அனுப்பினா? பன்னெண்டு வயசுல கல்யாணம். ஒரு கிறிஸ்தவ டீச்சரம்மா வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுத்தாளாம். கூடத்துல ஓரமா ஒரு பலகை போட்டு உட்கார வைப்பாளாம். அந்தம்மா எழுந்து போனதும் மாமியார்க்காரி அந்த இடத்துல தண்ணி தெளிச்சுத் துடைப்பாளாம்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து எழுத்துச் சொல்லிக் குடுத்தவங்க. அவங்க உட்கார்ந்த இடத்தை அலம்பி விடுறாங்க. அடுத்த வாரமும் அவங்க வர்றாங்க.

"அந்த டீச்சரம்மா பேரு என்ன பாட்டி?"

"டீச்சரம்மான்னுதான் அம்மா சொல்லுவா. பேரு யாருக்குத் தெரியும்?"

என் கொள்ளுப்பாட்டி காலம் 20-ஆம் நூற்றாண்டோட தொடக்கம். அன்னா சத்தியநாதன் அதுக்கு முன்னாடியே இறந்துட்டாங்க. அதனால எங்க வீட்டுக்கு வந்தவங்க அன்னா இல்ல. ஆனா ஒரு தமிழ்ப் பொம்பளை இன்னொரு தமிழ்ப் பொம்பளையோட வீட்டுக் கதவைத் தட்டி, உள்ள போய், பாடம் சொல்லிக் குடுக்கிற வேலை இந்த ஊர்ல எப்படி ஆரம்பிச்சதுன்னு தேடினப்போ, முன்வரிசையில வந்த பேரு அவங்களோடது.

கடாட்சபுரத்துலேர்ந்து மெட்ராஸ்

அன்னா பொறந்தது 1832. அப்பா ஜான் தேவசகாயம். சர்ச் மிஷனரி சொசைட்டிங்கிற ஆங்கிலேய மிஷன், தென்னிந்தியாவுல குருப்பட்டம் குடுத்த முதல் இந்தியர் அவர்தான். வருஷம் 1830. அந்தக் காலத்துல இது சின்ன விஷயம் இல்ல. உபதேசியாரா, வாத்தியாரா எத்தனையோ தமிழர்கள் வேலை பார்த்தாங்க. ஆனா பலிபீடத்துக்குப் பக்கத்துல நிக்கிறது வெள்ளைக்காரரா இருக்கணும்கிறது வழக்கமா இருந்துச்சு. தேவசகாயம் பின்னாடி திருநெல்வேலிச் சீமையில கடாட்சபுரத்துல ஊழியம் பண்ணார்.

அன்னா அப்படிப்பட்ட மிஷன் வீட்டுல வளர்ந்தவங்க. மிஷன் ஊர்ல பாதிரியார் வீடுன்னா அது தனி வீடு மாதிரி இருக்காது. ஜெபத்துக்கு வர்றவங்க, பஞ்சாயத்துக்கு வர்றவங்க, படிக்க வர்ற பிள்ளைங்க, எல்லாரும் வந்து போற இடம். பொம்பளைப் பிள்ளைங்க எழுத்துப் படிக்கிறது ஊருக்கே அதிசயமா இருந்த காலத்துல, திருநெல்வேலி மிஷன் ஊர்கள்ல பெண்களுக்கான போர்டிங் ஸ்கூல் நடந்துச்சு. அன்னாவுக்குப் படிப்பு சாதாரண விஷயம். அந்தச் சாதாரணத்தைத்தான் அவங்க பின்னாடி மெட்ராஸுக்கு எடுத்துட்டு வந்தாங்க.

1849-ல கல்யாணம். மாப்பிள்ளையோட கதையே தனி எபிசோடுக்கு வரும். திருநெல்வேலிக்காரர், நாயுடு குடும்பம், பேரு திருவேங்கடம். பாளையங்கோட்டை மிஷன் ஸ்கூல்ல படிக்கும்போது மனசு மாறி 1847-ல ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டார். புதுப் பேரு வில்லியம் தாமஸ் சத்தியநாதன். அன்னைக்கு மதம் மாறுறதுன்னா சொந்த பந்தம் மொத்தமும் அறுந்து போறது. அதனால அன்னா கட்டிக்கிட்டது தன் பக்கம் சொந்தக்காரங்க நிக்காத ஒரு இளைஞரை. அவருக்குக் குடும்பம்னு ஒண்ணு அமைஞ்சதே அன்னா வழியாத்தான்.

அப்புறம் அவரும் குருவானார். 1860-களோட தொடக்கத்துல ரெண்டு பேரும் பிள்ளைகளோட மெட்ராஸுக்கு வந்தாங்க. வந்து இறங்கின இடம் சிந்தாதிரிப்பேட்டை.

பறக்கும் ரயில்ல அஞ்சாவது ஸ்டேஷன்

இந்த எபிசோடுக்காக நானும் போனேன். திருமயிலை ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறினா முண்டகக்கண்ணியம்மன் கோயில், லைட் ஹவுஸ், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், அடுத்தது சிந்தாதிரிப்பேட்டை. அவ்வளவுதான் தூரம்.

சிந்தாதிரிப்பேட்டைன்னா நமக்கு மீன் மார்க்கெட்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தப் பேருக்குள்ள தறி இருக்கு. 1734-ல மார்ட்டன் பிட் கவர்னரா இருந்தப்போ, கம்பெனிக்குத் துணி வேணும்னு நெசவாளர்களைக் கூவம் ஆறு வளைஞ்சு போற இந்த இடத்துல குடியமர்த்தினாங்க. சின்னத் தறிப்பேட்டை மருவி சிந்தாதிரிப்பேட்டை ஆச்சுன்னு சொல்லுவாங்க. நூறு வருஷம் கழிச்சு அமெரிக்க மிஷன் இங்க வந்துச்சு. தமிழ்-ஆங்கில அகராதி போட்ட வின்ஸ்லோ இருக்காரே, அவர் இந்த மிஷனைச் சேர்ந்தவர்தான். அவங்க கட்டின சீயோன் சர்ச் பின்னாடி சர்ச் மிஷனரி சொசைட்டி கைக்கு வந்துச்சு. சத்தியநாதன் அங்க போதகர் ஆனார். அவருக்கு அப்புறம் அவரோட மருமகன் டபிள்யூ. டி. கிளார்க் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

கொஞ்ச தூரத்துல மே தினப் பூங்கா இருக்கு. ஊர்வலம், பொதுக்கூட்டம், சாயங்காலம் பசங்க கிரிக்கெட், எல்லாம் அங்கதான். அதோட பழைய பேரு நேப்பியர் பார்க். 1866-லேர்ந்து 1872 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த நேப்பியர் பேருல வெச்சது. அன்னா நடத்தின பெண்கள் பள்ளிக்கும் அந்தப் பேருதான்: நேப்பியர் பார்க் ஸ்கூல். பூங்காவுக்கு வெளியில டீக்கடையில நின்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். நேப்பியர் பார்க்ங்கிற பேரு ஒரு பெரியவருக்கு ஞாபகம் இருந்துச்சு. அன்னாங்கிற பேரு யாருக்கும் தெரியலை.

கதவுக்கு உள்ள

சரி, அவங்க என்னதான் பண்ணாங்க?

முதல்ல தன் வீட்டுலயே பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சாங்க. அது வளர்ந்து பள்ளிக்கூடமாச்சு. ஆனா பள்ளிக்கூடத்துக்கு ஒரு எல்லை இருந்துச்சு. அன்னைக்கு வசதியான இந்துக் குடும்பங்கள்ல ஒரு பொண்ணு பத்து, பதினோரு வயசானா வெளிய அனுப்ப மாட்டாங்க. கல்யாணம் ஆயிடும், இல்லேன்னா பேச்சு நடந்துட்டிருக்கும். இப்போதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கின பொண்ணு, ஒரு நாள் திடீர்னு வர மாட்டா. அவ்வளவுதான், படிப்பு முடிஞ்சுது.

அதனால பள்ளிக்கூடம் அந்தப் பொண்ணைத் தேடிப் போகணும். இதைத்தான் 'ஜெனானா வேலை'ன்னு சொன்னாங்க. ஜெனானாங்கிறது பாரசீகச் சொல், வீட்டுல பெண்கள் இருக்கிற பகுதி. கல்கத்தாவுல 1850-கள்ல இது சூடு பிடிச்சது. மெட்ராஸ்ல வடக்கு மாதிரி பர்தா கிடையாது. ஆனா வயசுக்கு வந்த பொண்ணு வாசல் தாண்டக் கூடாதுங்கிற கட்டுப்பாடு போதும், அதுவே ஒரு சுவர்தான்.

ஒரு விஷயத்தை இங்க யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆங்கிலேய மிஷனரி அம்மா அந்த வீட்டுக்குள்ள போனா என்ன ஆகும்? முதல்ல மொழி. அப்புறம் எங்க உட்காரணும், எதைத் தொடக் கூடாது, மாமியாரை எப்படிக் கூப்பிடணும், குழந்தையைப் பார்த்து 'எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு'ன்னு வாயை விட்டுட்டா கண்ணு பட்டுடும்னு வீடே கலங்கிடும்கிறது, எதுவும் தெரியாது. அன்னாவுக்கு எல்லாம் தெரியும். புடவை கட்டின, பிள்ளை பெத்த, தமிழ் பேசுற ஒரு அம்மா. 'உங்களுக்கு எத்தனை பசங்க?'ன்னு கேட்டா பேச்சு ஆரம்பிச்சிடும். குடும்பஸ்திங்கிறதுதான் அவங்களுக்குக் கதவைத் திறந்து விட்ட சாவி.

பாடம் எப்படி இருக்கும்? மெட்ராஸ்லயும் மத்த ஊர்லயும் ஜெனானா வகுப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை. கொஞ்சம் வாசிப்பு, கொஞ்சம் கணக்கு, தையல் இல்லேன்னா பின்னல் வேலை, ஒரு பாட்டு, கடைசியில ஒரு பைபிள் கதை. பல வீடுகளுக்கு வேண்டியது முதல் மூணுதான். கம்பளி நூல்ல பூ போடறது அன்னைக்கு ஃபேஷன். மிஷனுக்கு வேண்டியது கடைசி அயிட்டம். நடுவுல உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு என்ன வேணும்னு ரெண்டு பக்கமும் அதிகமா கேட்டுக்கல.

இதை மூடி மறைச்சுப் பேச நான் விரும்பலை. அன்னாவோட நோக்கம் மத ஊழியம்தான். அவங்க அதை ஒளிச்சதே இல்ல. அந்தப் பெண்கள் கிறிஸ்துவை ஏத்துக்கணும்னு உண்மையிலேயே ஆசைப்பட்டாங்க, அதுக்காக ஜெபம் பண்ணாங்க. வீட்டுக்காரங்களுக்கும் அது தெரியும். எங்கேயாவது ஒரு பொண்ணு மதம் மாறிட்டான்னு பேச்சு கிளம்பினா போதும், அந்தத் தெருவுல வரிசையா கதவு சாத்திடும். மறுபடியும் திறக்க மாசக் கணக்காகும். எங்க கொள்ளுப்பாட்டி மாமியார் தண்ணி தெளிச்சது சாதி புத்தி, அதுல சந்தேகம் இல்ல. கூடவே ஒரு பயமும் இருந்திருக்கும்: இந்தம்மா நம்ம வீட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவாளோங்கிற பயம்.

ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் முழுசா நம்ப முடியலை. ஆனாலும் அந்தப் பலகை போடப்பட்டது. சிலேட்டு எடுத்து வைக்கப்பட்டது. எனக்கு முக்கியமாப் படுறது இதுதான்.

நல்ல தாய்

அன்னா 1860-கள்ல தமிழ்ல ஒரு சின்னப் புத்தகம் எழுதினாங்க. தலைப்பு 'நல்ல தாய்'. பிள்ளை வளர்ப்பு, வீட்டு ஒழுங்கு, கிறிஸ்தவத் தாயோட கடமை பத்தினது. முதல் தமிழ் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் வந்தது 1879. அதுக்கும் முன்னாடி ஒரு தமிழ்ப் பெண் தாய்மார்களுக்குன்னு உரைநடையில எழுதி அச்சுல போட்டிருக்காங்க.

தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்துச்சு, உண்மையைச் சொல்லணும்ல. மறுபடியும் பொம்பளைன்னா நல்ல தாய்தானா? ஆனா அவங்க ஒரு நாளை யோசிச்சுப் பாருங்க. வீட்டுல பிள்ளைங்க. சர்ச்சுக்கு வர்றவங்களுக்குச் சாப்பாடு. பள்ளிக்கூடத்துல டீச்சர்களைப் பார்த்துக்கணும். மத்தியானம் வீடு வீடாப் போகணும். போன வாரம் திறந்த கதவு இந்த வாரம் சாத்தியிருந்தா பேசிச் சமாளிக்கணும். ராத்திரி அறிக்கை எழுதணும். அந்தக் காலத்து மிஷன் கணக்குகள்ல பொதுவா மிஷனரியோட மனைவிக்குன்னு தனிச் சம்பளம் கிடையாது. கணவருக்கு வேலை குடுத்தா மனைவியோட உழைப்பும் அதுல சேர்த்திங்கிறது எழுதப்படாத விதி.

பெண்ணோட இடம் வீடுன்னு எல்லாரும் சொன்ன காலம். அன்னாவும் அதை மறுக்கலை. ஆனா தன் வீட்டுக் கதவைத் திறந்து வெச்சாங்க, அடுத்தவங்க வீட்டுக் கதவுக்குள்ள போனாங்க. 'வீடு'ங்கிற வார்த்தைக்குள்ளயே பள்ளிக்கூடத்தைக் கொண்டு வந்து வெச்சுட்டாங்க. யாரும் ஆட்சேபிக்க முடியாதபடி.

1878-ல கணவனும் மனைவியும் இங்கிலாந்து போனாங்க. அதே வருஷம் மெட்ராஸ் ஜெனானா வேலையைப் பத்தி அன்னா ஆங்கிலத்துல எழுதின சிறு நூல் லண்டன்ல அச்சாச்சு. கடாட்சபுரத்துப் பாதிரியார் பொண்ணு, தன் வேலையைத் தானே எழுதி, அந்த வேலைக்குப் பணம் அனுப்பினவங்க ஊர்லயே கொண்டு போய்க் குடுத்திருக்காங்க. அன்னைக்கு மிஷன் பத்திரிகைகள்ல இந்தியப் பெண்களைப் பத்தி எழுதினது பெரும்பாலும் அடுத்தவங்க. 'பாவம், இருட்டுல கிடக்கிறாங்க' பாணி. அதுக்கு நடுவுல இது ஒரு இந்தியப் பெண்ணோட சொந்தக் குரல்.

வாடகைக்கு வந்த பொண்ணு இல்ல, மருமகள்

இப்போ கதைக்குள்ள இன்னொருத்தர் வர்றாங்க.

1875-ல மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பிச்சது. இங்கிலாந்துலயே பெண்கள் டாக்டராகத் தடுமாறிட்டிருந்த காலம் அது. 1878-ல அங்க படிக்கறதுக்காக அகமத்நகர்லேர்ந்து ஒரு மராத்தி கிறிஸ்தவப் பொண்ணு வந்தாங்க. பேரு கிருபாபாய். பிராமணக் குடும்பத்துலேர்ந்து மதம் மாறினவங்க பிள்ளை. இங்கிலாந்து போய் மருத்துவம் படிக்க வாய்ப்பு வந்தும், உடம்பு தாங்காதுன்னு நிறுத்திட்டாங்க. மெட்ராஸ்ல தங்கிப் படிக்க ஒரு நல்ல குடும்பம் வேணும். சத்தியநாதன் வீடு கிடைச்சது.

முதல் வருஷம் நல்லாப் படிச்சாங்க. அப்புறம் உடம்பு விட்டுடுச்சு. படிப்பை நிறுத்த வேண்டியதாச்சு. ஆனா அந்த வீட்டோட உறவு நிக்கலை. அன்னாவோட மகன் சாமுவேலும் கிருபாபாயும் 1880-களோட தொடக்கத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. தமிழ் பைபிள்ல அன்னாள்ங்கிற அம்மாவோட மகன் பேரும் சாமுவேல்தான். அன்னா யோசிச்சுத்தான் வெச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

கல்யாணம் ஆனதும் சாமுவேலுக்கு ஊட்டியில ஸ்கூல் வேலை. அங்க கிருபாபாய் என்ன பண்ணாங்க தெரியுமா? முஸ்லிம் பெண்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. எந்த வீட்டுலேர்ந்து வந்தாங்கங்கிறது தெரியுதில்ல?

ஆனா கிருபாபாய் மாமியார் மாதிரி ஆள் இல்ல. அவங்க ஆயுதம் பேனா. ராஜமுந்திரி, கும்பகோணம்னு சுத்திட்டு மறுபடி மெட்ராஸ் வந்த பிறகு, 1887-88-ல மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசீன்ல 'சகுணா'ன்னு ஒரு நாவலைத் தொடரா எழுதினாங்க. ஆங்கிலத்துல நாவல் எழுதின முதல் இந்தியப் பெண்கள்ல ஒருத்தர். பாதி அவங்க சொந்த வாழ்க்கை. படிக்கணும்னு துடிக்கிற ஒரு கிறிஸ்தவப் பொண்ணு. அதுல வெள்ளைக்கார மிஷனரிகள் இந்தியக் கிறிஸ்தவர்களை எவ்வளவு அலட்சியமா நடத்தறாங்கங்கிறதையும் கூச்சமில்லாம எழுதியிருக்காங்க. ஒரே மதம், ஒரே ஜெபம், ஆனா கூடத்துல உட்காரச் சொல்ற இடம் வேற. எங்க வீட்டுப் பலகையை ஞாபகம் வெச்சுக்கோங்க. பலகை பல வீடுகள்ல இருந்திருக்கு, மிஷன் பங்களாவுலயும்.

இதுக்கு அன்னா என்ன நினைச்சிருப்பாங்க? மிஷன் வீட்டுலயே பொறந்து, மிஷன்லயே உழைச்ச மாமியார். மிஷனை விமர்சிச்சு எழுதுற மருமகள். ஒரே குடும்பம். எங்க வீட்டுல வாட்ஸ்அப் ஃபார்வேர்டுக்கே சண்டை வரும். அவங்களுக்குள்ள பேச்சு நடந்திருக்கும்னு கற்பனை பண்ணிப் பார்க்கிறேன். ஆனா அந்த வீடு கிருபாபாயை எழுத விட்டுச்சு, அது நமக்குக் கண்ணுக்குத் தெரியுது.

நாலு வருஷம், மூணு சாவு

1890-ல அன்னா இறந்தாங்க. வயசு 58. ரெண்டு வருஷம் கழிச்சு, 1892-ல, சத்தியநாதன். கிருபாபாய் ஒரே குழந்தையைப் பறிகொடுத்தவங்க, காசநோய் வேற. படுக்கையில இருந்தபடியே 'கமலா'ன்னு இன்னொரு நாவல் எழுதி முடிச்சாங்க. இந்து வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு மருமகளா வந்து படுற பாடு. மாமியார் அந்தக் கதவுகளுக்குள்ள போய்ப் பாடம் எடுத்தாங்க. மருமகள் அதே கதவுகளுக்குள்ள நடக்கிறதைக் கதையா எழுதினாங்க. 1894 ஆகஸ்ட்ல கிருபாபாயும் போயிட்டாங்க, 32 வயசுல. ரெண்டு நாவலும் 1896-ல தமிழ்லயும் வந்துச்சு.

நாலே வருஷத்துல அந்த வீட்டுல மூணு பேர். சாமுவேல் தனியா நின்னார். பிரசிடென்சி காலேஜ்ல தத்துவப் பேராசிரியர்.

1898-ல அவர் மறுமணம் பண்ணிக்கிட்டார். ராஜமுந்திரிக் குடும்பத்துப் பொண்ணு, அந்த வருஷம்தான் பி.ஏ. முடிச்சவங்க. பொறந்த பேரு ஹன்னா ரத்தினம். அதாவது அன்னா, மாமியார் பேரேதான். வரலாறு அவங்களை அறிஞ்சது கமலா சத்தியநாதன்னு. கிருபாபாயோட கடைசி நாவலோட பேரு. இந்தக் குடும்பத்துல பேருங்க எப்படி ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குப் போகுது பாருங்க.

1901-ல கமலா மெட்ராஸ்லேர்ந்து 'இந்தியன் லேடீஸ் மேகசீன்' தொடங்கினாங்க. ஆங்கிலத்துல, இந்தியப் பெண்ணே ஆசிரியரா இருந்து, இந்தியப் பெண்களுக்காக நடத்தின பத்திரிகை. எல்லா மதத்துப் பெண்களும் எழுதினாங்க. சரோஜினி நாயுடு எழுதினாங்க. வங்காளத்துலேர்ந்து ரொக்கையா எழுதின 'சுல்தானாவின் கனவு' முதல்ல வெளியானது இந்தப் பத்திரிகையிலதான், 1905-ல. ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க, பெண்கள் சூரிய சக்தியை வெச்சு நாட்டை ஆள்ற கதை. இன்னைக்கு உலகம் முழுக்க ஃபெமினிஸ்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் வகுப்புல பாடமா வைக்கிறாங்க. அது முதல்ல அச்சுல வந்த இடம் நம்ம மெட்ராஸ்.

அன்னா பெண்கள் பகுதிக்குள்ள போய் எழுத்துச் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க இறந்து 15 வருஷத்துல, அவங்க குடும்பத்துப் பெண் நடத்தின பத்திரிகையில, ஆண்களை ஜெனானாவுல பூட்டி வெச்ச கதை வருது! கிட்டத்தட்ட நாப்பது வருஷத்துக்குள்ள ஒரே குடும்பத்துல இவ்வளவு தூரம்.

1906-ல சாமுவேல், அமெரிக்காவுல சொற்பொழிவு முடிச்சுட்டுத் திரும்புற வழியில ஜப்பான்ல இறந்தார். கமலா ரெண்டு பிள்ளைகளோட விதவை. பித்தாபுரம் ராணிக்கு டியூட்டரா வேலை பார்த்துட்டே பத்திரிகையை இழுத்துப் பிடிச்சு 1918 வரைக்கும் நடத்தினாங்க. இடையில நின்னு, 1927-ல மறுபடி தொடங்கி 1938 வரைக்கும் ஓடுச்சு. பின்னாடி மகள் பத்மினி சென்குப்தா, தன் அம்மாவைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினாங்க. 1956-ல வந்துச்சு. கமலாவுக்கு அப்படி ஒரு மகள் கிடைச்சாங்க. கிருபாபாய்க்கு அவங்க நாவலே இருக்கு, இன்னைக்கும் யூனிவர்சிட்டியில படிக்கிறாங்க.

அன்னாவுக்கு? அவங்க வேலையோட பெரும்பகுதி காகிதத்துல இல்ல. யாரோ ஒரு பொண்ணு கைவிரலைப் பிடிச்சு சிலேட்டுல 'அ' போட வெச்ச வேலை அது. அந்தப் பொண்ணு வளர்ந்து தன் மகளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பா. மளிகைக் கணக்கு எழுதியிருப்பா. கார்டு போட்டிருப்பா. அதுல எங்கயும் டீச்சரோட கையெழுத்து இருக்காது.

திரும்பி வர்ற வழியில

சிந்தாதிரிப்பேட்டையில ரயில் ஏறித் திரும்பி வரும்போது ஒண்ணு யோசிச்சேன். அன்னாவை 'மதம் மாத்த வந்தவங்க'ன்னு ஒரே வரியில முடிச்சிடறவங்க இருக்காங்க. 'இருட்டுல விளக்கேத்தின தியாகி'ன்னு இன்னொரு வரியில முடிக்கிறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் அந்தக் கூடத்துல பலகைக்கு எதிர்ல உட்கார்ந்திருந்த பொண்ணு கண்ணுக்குத் தெரியறதே இல்ல. எங்க கொள்ளுப்பாட்டி மதம் மாறலை. வெள்ளிக்கிழமை கபாலி கோயிலுக்குப் போறதை சாகுற வரைக்கும் விடலை. டீச்சரம்மா வந்த நோக்கம் எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் நிறைவேறலைன்னுதான் சொல்லணும். ஆனா கார்டு வந்துச்சு, வாரா வாரம்.

அந்த டீச்சரம்மாவுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். பிள்ளைங்க இருந்திருக்கும். எங்க வீட்டுலேர்ந்து எழுந்து போகும்போது, பின்னாடி சொம்புல தண்ணி மொண்டு ஊத்துற சத்தம் அவங்களுக்குக் கேட்டிருக்குமா? கேட்டிருக்கும்னுதான் நினைக்கிறேன். கூடம் ஒண்ணும் அவ்வளவு பெருசு இல்ல.

வீட்டுக்கு வந்து பாட்டிகிட்ட இதெல்லாம் சொன்னேன். அன்னா, கிருபாபாய், கமலா, மூணு பேர் கதையும். பாட்டி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னாங்க, "எங்கம்மா ஒரு தடவை அந்த டீச்சரம்மாவுக்கு மல்லிப்பூ குடுத்தாளாம், மாமியார் பார்க்காதப்போ. வாங்கித் தலையில வெச்சுண்டாளாம். அம்மா அதை மட்டும் அடிக்கடி சொல்லுவா."

இத்தனை வருஷத்துல பாட்டி இதை எங்ககிட்ட சொன்னதே இல்ல. நாங்களும் கேட்டது இல்ல.

அதனால இந்த வாரம் உங்ககிட்ட ஒரு வேலை குடுக்கிறேன். உங்க பாட்டிகிட்டயோ, பெரியம்மாகிட்டயோ, வீட்டுல மூத்தவங்க யார்கிட்டயாவதோ கேளுங்க: நம்ம குடும்பத்துல முதல்ல எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட பொம்பளை யாரு? அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க? பேரு தெரிஞ்சா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேரு தெரியலைன்னா, ஞாபகம் இருக்கிறதை அனுப்புங்க. அடுத்த எபிசோடை அந்தக் குரல்களோடதான் ஆரம்பிக்கப் போறேன்.

அது வரைக்கும், டேக் கேர். வர்றேன்.